குவாரிப் பள்ளத்தை நீர்த்தேக்கமாக்கிய சுரங்கப்பாதை: அட்லாண்டா நகரின் குடிநீர் இருப்பு குறித்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரமான அட்லாண்டா, 2016 அக்டோபருக்கும் 2018 அக்டோபருக்கும் இடையில், கடினப் பாறைக்குள் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதையைக் குடைந்து முடித்தது. அந்தத் திட்டம் முழுமையடைந்தபோது, அவசரத்துக்கு ஏறத்தாழ 3 நாள் மட்டுமே தாக்குப்பிடிக்கக்கூடியதாக இருந்த நகரத்தின் நீர் இருப்பு, சுமார் 30 நாளுக்குப் போதுமானதாக உயர்ந்தது. இதைக் கேட்டவுடன், சுரங்கத்துக்குள்ளேயே நீரை நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுவார்கள். ஆனால் அந்தச் சுரங்கம் கொள்ளும் நீர், மொத்த இருப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி நீர் முழுவதும் கைவிடப்பட்ட ஒரு கருங்கல் குவாரியில் இருக்கிறது. அப்படியானால் முப்பது கோடி டாலருக்கு மேல் செலவழித்து நிறைவேற்றிய இந்தத் திட்டத்தில் சுரங்கப்பாதைக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடினால், நிலத்தடிச் சுரங்கங்களும் செங்குத்துக் குழிகளும் ஒரு நகரத்தின் நீர் இருப்பை எப்படிப் பெருக்குகின்றன என்பது தெளிவாகிவிடும்.

முதலில், இருப்பு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நம் வீடுகளில் தரைக்கு அடியில் ஒரு சம்ப்பும் மொட்டை மாடியில் ஒரு தொட்டியும் இருக்கின்றன. தெருக்குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டாலும் சமையலும் குளியலும் தடைபடாமல் இருப்பதற்குச் சம்ப்பில் கிடக்கும் தண்ணீர்தான் காரணம். ஆனால் சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும், அதை மேலேற்ற மோட்டாரோ குழாயோ இல்லையென்றால் மாடித் தொட்டி காலியாகத்தான் கிடக்கும். நகரத்தின் கணக்கும் இதேதான். ஒரு பள்ளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது பாதிக் கணக்கு மட்டுமே. அந்த நீர், ஒரு நாளில் நகரத்துக்கு வேண்டிய அளவு, வேண்டிய வேகத்தில், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேருமா என்பது மற்றப் பாதி.

நகரக் குடிநீர் வழங்கலில் நீர் மூன்று கட்டங்களில் தேங்கி நிற்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அணையோ ஏரியோ முதல் கட்டம். ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரிப்பதற்கு முன்பு நிலையத்தின் அருகில் நிறுத்திவைக்கும் நீர் இரண்டாவது கட்டம். சுத்திகரித்த பின்பு மேல்நிலைத் தொட்டிகளிலும் நிலத்தொட்டிகளிலும் உள்ள நீர் மூன்றாவது கட்டம். சுத்திகரித்த நீரை மாதக்கணக்கில் வைத்திருக்க இயலாது; நாளாக ஆகக் குளோரினின் வீரியம் குறைந்துவிடும். அணை நீரோ, ஆற்றில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் நகரத்துக்கு வந்து சேராது. எனவே, நெருக்கடியான நாட்களில் ஒரு நகரத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இடையிலுள்ள இரண்டாவது கட்ட இருப்புதான். அட்லாண்டாவின் பலவீனம் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது.

அட்லாண்டா ஏன் இவ்வளவு கவலைப்பட்டது?

பெரும்பாலான பெருநகரங்கள் ஒரு பெரிய ஆற்றின் கரையிலோ கடலோரத்திலோ வளர்ந்தவை. அட்லாண்டா இரயில் பாதைகள் சந்திக்கும் இடத்தில், ஒரு மேட்டு நிலத்தின் முதுகில் வளர்ந்த ஊர். அங்கே பெய்யும் மழையில் ஒரு பக்கம் விழுவது அட்லாண்டிக் பெருங்கடலுக்கும், மறுபக்கம் விழுவது மெக்சிகோ வளைகுடாவுக்கும் ஓடிவிடுகிறது. மேட்டின் உச்சியில் இருக்கும் ஊருக்குப் பெரிய ஆறு அமையாது. நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் ஓடும் சட்டஹூச்சி ஆறுதான் அதன் ஒரே பெரிய நீராதாரம். அந்த ஆறும் வடக்கு ஜார்ஜியாவின் மலைகளில் பிறந்து, அதிகத் தூரம் ஓடிப் பெருகுவதற்கு முன்பே அட்லாண்டாவை எட்டிவிடுகிறது. மேலே 1950-களில் இராணுவப் பொறியாளர் படை கட்டிய ப்யூஃபோர்ட் அணையும், அதனால் உண்டான லேனியர் ஏரியும் அந்த ஆற்றின் ஓட்டத்தைச் சீர்ப்படுத்துகின்றன.

2007-ல் தென்கிழக்கு மாநிலங்களைக் கடும் வறட்சி தாக்கியது. அந்த ஆண்டின் இறுதியில் லேனியர் ஏரியின் நீர்மட்டம், ஏரி நிரம்பியதிலிருந்து அதுவரை காணாத அளவுக்குத் தாழ்ந்தது. வறட்சியோடு வழக்கும் சேர்ந்துகொண்டது. சட்டஹூச்சியின் நீர் ஜார்ஜியாவுக்கு மட்டும் உரியதன்று. கீழே அலபாமாவின் எல்லையை ஒட்டி ஓடி, ஃபுளோரிடாவில் அப்பலாச்சிகோலா என்ற பெயரோடு கடலில் கலக்கிறது. மூன்று மாநிலங்களும் பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்தன. 2009-ல் கூட்டாட்சி நீதிபதி பால் மேக்னசன், லேனியர் ஏரி குடிநீர் வழங்கலுக்காக அங்கீகரிக்கப்பட்டதன்று என்றும், மூன்று ஆண்டுக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால் நீர் எடுக்கும் அளவை 1970-களின் நிலைக்குக் குறைக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது என்றாலும், ஒரே ஆற்றை நம்பியிருக்கும் நகரம் எவ்வளவு எளிதில் நெருக்கடிக்குள் தள்ளப்படும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் எல்லோருக்கும் உணர்த்திவிட்டன. காவிரி வழக்கைப் பின்தொடர்ந்து வந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த நிலைமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வறட்சி மெதுவாக வருவது. அதற்கு ஓரளவு தயாராகலாம். ஆற்றின் மேற்பகுதியில் ஏதேனும் வேதிப்பொருள் கொட்டிவிட்டாலோ, ஆற்றிலிருந்து நிலையத்துக்கு வரும் பெரிய குழாய் உடைந்துவிட்டாலோ, அதற்கு அவகாசமே கிடைக்காது. 1893-ல் தொடங்கிய ஹெம்ப்ஹில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆற்று நீரைக் கொண்டுவந்த குழாய்களில் சில நூறாண்டைத் தாண்டியவை. பன்னிரண்டு லட்சம் பேர் நம்பியிருக்கும் ஓர் ஏற்பாட்டில் மூன்று நாள் இருப்பு என்பது, பழுதுபார்க்கும் குழுவுக்கு மூன்றே நாள் கெடு என்று பொருள்.

பள்ளம் ஏற்கெனவே தயாராக இருந்தது

நகரத்தின் மேற்குப் பகுதியில், நடுநகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே, பெல்வுட் என்ற கருங்கல் குவாரி இருந்தது. நூறாண்டுக்கு மேல் அங்கே கல் எடுத்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறைக் கைதிகளைக் கொண்டு கல் உடைத்த முகாமும் அங்கே இருந்தது. அந்த நகரத்தின் சாலைகளுக்கு அடியில் அவர்களுடைய உழைப்பு கிடக்கிறது என்பதை இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். 2006-ல் நகர நிர்வாகம் அந்தக் குவாரியைத் தன்வசமாக்கியது. அப்போது அது 300 அடிக்கு மேல் ஆழமுள்ள, ஏறத்தாழச் செங்குத்தான சுவர்களைக் கொண்ட ஒரு பெரும் பள்ளம்.

நீரைத் தேக்க விரும்பும் பொறியாளருக்கு இத்தகைய பள்ளம் ஒரு வரம். அணை கட்டினால் பள்ளத்தாக்கில் உள்ள ஊர்கள் மூழ்கும். மக்களைப் பெயர்க்க வேண்டும். குவாரியில் எடுக்க வேண்டிய கல்லை ஏற்கெனவே எடுத்து, விற்று, சாலையாகவும் கட்டடமாகவும் ஆக்கியாகிவிட்டது. பெல்வுட்டின் பாறை கருங்கல் இனத்தைச் சேர்ந்த கடினமான உருமாற்றப் பாறை; அதன் உடம்பில் நீர் எளிதில் ஊடுருவாது, வெடிப்புகள் வழியாக மட்டுமே கசியும். ஆழம் அதிகமாக இருந்து பரப்பு குறைவாக இருப்பதால் வெயிலில் ஆவியாகிப் போகும் நீரும் குறைவு. செம்பரம்பாக்கம் ஏரி முழுமையாக நிரம்பும்போதும் அதன் ஆழம் 24 அடிதான் என்பதையும், கோடையில் அகன்ற அந்த நீர்ப்பரப்பிலிருந்து எவ்வளவு நீர் வானுக்குப் போகிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் மதிப்பு விளங்கும்.

பெல்வுட் குவாரியின் கொள்ளளவு 240 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 908 கோடி லிட்டர். நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு. ஏரிகளோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான், செம்பரம்பாக்கம் 3.6 டிஎம்சிக்கு மேல் கொள்ளும். ஆனால் அட்லாண்டா நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி கேலனை ஒட்டிய அளவில் நீரைச் செலவிடுகிறது. அந்தக் கணக்கில் குவாரி நீர் மூன்று வாரத்தைத் தாண்டும். சிக்கனமாகச் செலவிட்டால் ஒரு மாதத்துக்கும் மேல் வரும். நகரத்துக்கு உள்ளேயே, சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அருகில் இவ்வளவு நீர் இருப்பதுதான் இதன் சிறப்பு.

சுரங்கம் என்ன செய்கிறது?

குவாரியில் நீர் நிறைய வேண்டுமானால் அதற்கு ஆற்றிலிருந்து ஒரு வழி வேண்டும். நிறைந்த நீர் பயன்பட வேண்டுமானால் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இன்னொரு வழி வேண்டும். அட்லாண்டாவின் சுரங்கப்பாதை இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்கிறது. அது சட்டஹூச்சி ஆற்றங்கரையில் தொடங்கி, குவாரியைத் தொட்டு, ஹெம்ப்ஹில் நிலையம் வரை செல்கிறது.

இங்கே ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். குடைந்தபோது சுரங்கத்தின் விட்டம் பன்னிரண்டரை அடி, அதாவது 3.8 மீட்டர். 8 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டியெடுத்த பாறை ஏறத்தாழ 92,000 கன மீட்டர். அதன் பலனாக நகரத்துக்குக் கிடைத்த இருப்போ 90 லட்சம் கன மீட்டர். ஒரு கன மீட்டர் பாறையை வெட்டியதற்கு நீரைத் தேக்க ஏறத்தாழ நூறு கன மீட்டர் இடம் கைக்கு வந்திருக்கிறது. அதே 90 லட்சம் கன மீட்டர் இடத்தைப் புதிதாகச் சுரங்கமாகவே குடைந்திருந்தால், எந்த நகரத்தின் கருவூலமும் தாங்கியிருக்காது. இந்தத் திட்டத்தின் அறிவுக்கூர்மை முழுவதும் இந்த விகிதத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு எதிரான உதாரணமாகச் சிகாகோவைச் சொல்லலாம். அங்கே மழைக்காலத்தில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே சாக்கடையில் கலந்து, வழிந்து, ஆற்றிலும் ஏரியிலும் சேர்ந்தன. அதைத் தடுக்க 1970-களில் தொடங்கி 2006 வரை, சுமார் 175 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 33 அடி விட்டத்தில், பாறைக்குள் சுரங்கங்களைக் குடைந்தார்கள். அத்தனை சுரங்கங்களும் சேர்ந்து கொள்ளும் நீர் ஏறத்தாழ 230 கோடி கேலன்; பெல்வுட் என்ற ஒற்றைக் குவாரி கொள்வதைவிடச் சற்றுக் குறைவு. சுரங்கங்கள் மட்டும் போதாது என்பதால்தான் சிகாகோவும் பிறகு குவாரிகளை நாடியது. 2015-ல் பயன்பாட்டுக்கு வந்த தார்ன்டன் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றே 790 கோடி கேலன் கொள்கிறது. சிகாகோவில் சேர்வது பிற்பாடு சுத்திகரித்து ஆற்றில் விடப்படும் கழிவுநீர், அட்லாண்டாவில் சேர்வது குடிநீராகப்போகும் ஆற்றுநீர் என்ற வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் கணக்கு இரண்டு ஊர்களுக்கும் பொதுவானது: நீர் நிற்பதற்குப் பள்ளம், நீர் போய்வருவதற்குச் சுரங்கம்.

இவ்வளவு ஆழத்தில் ஏன்?

சாலையோரமாகப் பள்ளம் தோண்டிப் பெரிய குழாய் பதித்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு வீடுகள், இரயில் பாதைகள், சாலைகள், ஏற்கெனவே பதிக்கப்பட்ட எரிவாயுக் குழாய்கள் ஆகியவற்றுக்கு இடையே பத்தடி விட்டமுள்ள குழாயைப் பதிப்பது பல ஆண்டுகள் நகரத்தைக் கிழித்துப் போடும் வேலை. அது ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமானவை இயற்பியல் சார்ந்த இரண்டு காரணங்கள்.

நீரை மேலிருந்து உறிஞ்சி இழுக்கும் பம்பு, சுமார் 7, 8 மீட்டருக்குக் கீழே உள்ள நீரை இழுக்காது. கிணற்று மேட்டில் மோட்டார் வைத்த விவசாயிகள், நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டியிருந்ததை அறிவார்கள். உறிஞ்சும் பம்பு உண்மையில் நீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் வெற்றிடத்தை உண்டாக்குகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம்தான் நீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தத்தின் வலிமைக்கு மேல் எந்த மோட்டாரும் உதவாது. 300 அடி ஆழக் குவாரியின் கரையில் பம்பை வைத்தால், மேலே உள்ள சிறு பகுதியைத்தான் எடுக்க முடியும். குவாரியின் நீர் முழுவதும் பயன்பட வேண்டுமானால் வெளியேறும் வழி அதன் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். சுரங்கம் அங்கே திறப்பதால் நீர் தானாகவே அதற்குள் நிறைந்து, மறுமுனைவரை செல்கிறது.

இரண்டாவது காரணம் அழுத்தம். குவாரி நிறைந்திருக்கும்போது, அதன் அடியில் உள்ள சுரங்கச் சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 9 கிலோ அழுத்தம் வெளிநோக்கித் தள்ளும். சுரங்கம் மேலோட்டமாக இருந்தால், அந்த அழுத்தம் பாறையிலுள்ள வெடிப்புகளைப் பிளந்துகொண்டு நீரை மேலே கொண்டுவந்துவிடும். மேலே போதிய கனத்தில் பாறை இருந்தால், அதன் எடையே வெடிப்புகளை இறுக மூடி வைத்திருக்கும். ஆழம் இங்கே செலவாகத் தோன்றினாலும் உண்மையில் பாதுகாப்பு. அட்லாண்டாவின் சுரங்கம் சில இடங்களில் தரைமட்டத்துக்கு 400 அடி வரை கீழே செல்கிறது.

பாறையைத் தின்னும் இயந்திரம்

சென்னை மெட்ரோ பணிகளில் சுரங்கம் தோண்டும் இயந்திரங்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவை மண்ணும் பாறையும் கலந்த நிலத்தில் நகர்ந்தபடியே பின்னால் கான்கிரீட் வளையங்களை அடுக்கிச் செல்கின்றன. அந்த வளையங்களின் மீதே காலூன்றி முன்னேறுகின்றன. அட்லாண்டாவில் இறக்கப்பட்டது முழுப் பாறைக்கான வேறு வகை இயந்திரம். ராபின்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பான அதற்கு, அந்த ஊரைச் சேர்ந்த கில்லர் மைக் என்ற ராப் பாடகரின் பெயரை ஒட்டி 'டிரில்லர் மைக்' என்று பெயர் சூட்டினார்கள்.

அதன் வேலையை நெருங்கிப் பார்ப்போம். முன்புறத்தில் சுரங்கத்தின் விட்டத்துக்குச் சமமான ஒரு வட்ட முகப்பு சுழல்கிறது. அந்த முகப்பில் கடினப்படுத்திய எஃகால் ஆன வட்டத் தகடுகள் பல பொருத்தப்பட்டிருக்கும். அவை பாறையை அறுப்பதில்லை. பெரும் விசையோடு பாறைமேல் அழுந்தி உருளும்போது, ஒவ்வொரு தகடும் ஒரு வட்டத் தடத்தைப் பதிக்கிறது. அந்தத் தடத்திலிருந்து பாறைக்குள் நுண்ணிய விரிசல்கள் பக்கவாட்டில் ஓடுகின்றன. பக்கத்துத் தகட்டின் விரிசலோடு அவை சந்திக்கும் கணத்தில், இரண்டு தடங்களுக்கும் இடையில் உள்ள பாறை உள்ளங்கை அளவுள்ள சில்லாகப் பெயர்ந்து விழுகிறது. பாறையை நசுக்குவது கடினம், பிளப்பது ஒப்பளவில் எளிது என்ற உண்மையின் மீதுதான் இந்த இயந்திரமே நிற்கிறது. விழுந்த சில்லுகளை முகப்பில் உள்ள வாளிகள் அள்ளிக் கன்வேயரில் கொட்டுகின்றன. அவை பின்னால் சென்று சுரங்கத்தை விட்டு வெளியேறுகின்றன.

முகப்பை முன்னே தள்ளுவதற்கு இயந்திரம் எதையாவது பற்றிக்கொள்ள வேண்டுமல்லவா? இரு பக்கமும் உள்ள பெரிய எஃகுப் பட்டைகள் விரிந்து, குடைந்து முடித்த பாறைச் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியை ஆதாரமாகக் கொண்டு ஹைட்ராலிக் தண்டுகள் முகப்பைத் தள்ளுகின்றன. தண்டுகள் முழுவதும் நீண்டதும் சுழற்சி நிற்கும். பிடி தளர்ந்து, இயந்திரத்தின் பின்பகுதி முன்னே இழுக்கப்பட்டு, மறுபடி பிடி இறுகும். இப்படி நின்று நின்றுதான் எட்டுக் கிலோமீட்டரையும் கடந்தது. இடையிடையே தேய்ந்த தகடுகளை மாற்றும் பணியாளர்கள், முகப்புக்கும் பாறைக்கும் நடுவேயுள்ள குறுகிய இடத்தில், நீர் சொட்டிக்கொண்டிருக்கும் வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். இயந்திரத்தின் பெயர்தான் செய்திகளில் வருகிறது. இந்த வேலையைச் செய்பவர்களின் பெயர் வருவதில்லை.

வெடி வைத்தும் சுரங்கம் அமைக்கலாம். இயந்திரம் நிற்பதற்கான தொடக்க அறையை அப்படித்தான் பெரும்பாலும் உண்டாக்குகிறார்கள். ஆனால் குடியிருப்புகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் வெடி வைப்பது மக்களை அச்சத்தில் ஆழ்த்தும். வெடியால் உண்டாகும் சுவர் கரடுமுரடாகவும் வெடிப்பு மிகுந்ததாகவும் இருக்கும். இயந்திரம் விட்டுச் செல்லும் சுவரோ சீரான வட்டம். பாறைக்குள் எதிர்ப்படும் நீர்க்கசிவை அடைக்க, முன்னே துளையிட்டுப் பார்த்து, வெடிப்புகளுக்குள் சிமெண்டுக் கரைசலை அழுத்திச் செலுத்துவார்கள். இறுதியில் உட்புறம் கான்கிரீட் சுவர் அமைக்கப்பட்டதும், அட்லாண்டாவின் சுரங்கம் சுமார் 10 அடி விட்டமுள்ள வழவழப்பான பெருங்குழாயாக மாறியது.

செங்குத்துக் குழிகள்

சுரங்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் செங்குத்துக் குழிகளை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அவை இல்லாமல் சுரங்கத்துக்குப் பயனே இல்லை. கட்டும் காலத்தில் ஆட்கள் இறங்குவதும், இயந்திர உறுப்புகள் போவதும், காற்று செல்வதும், மின்சாரம் போவதும், உடைத்த கல் வெளியே வருவதும் அவை வழியாகத்தான். உள்ளே விபத்து நேர்ந்தால் தப்பி வருவதற்கான வழியும் அவையே. கட்டி முடித்த பிறகு அவற்றின் வேலை மாறுகிறது: கிடைமட்டமாக ஓடும் நீரை மேலே கொண்டுவரும் கிணறுகளாக அவை நிலைத்துவிடுகின்றன.

இணைந்த பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். குவாரியும் சுரங்கமும் குழியும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால், நீர் ஓடாமல் நிற்கும் வேளையில் குவாரியில் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அதே மட்டத்துக்கு ஹெம்ப்ஹில் நிலையத்தில் உள்ள குழியிலும் நீர் தானாக ஏறி நிற்கும். குவாரி நிறைந்திருந்தால் சிறிது உயரம் ஏற்றினால் போதும். குவாரி வற்றிக்கொண்டே வந்தால் ஏற்ற வேண்டிய உயரமும் மின்செலவும் கூடிக்கொண்டே போகும். இத்தகைய குழிகளில் பெரும்பாலும் செங்குத்து டர்பைன் பம்புகளையோ நீர்மூழ்கிப் பம்புகளையோ பயன்படுத்துகிறார்கள். முதல் வகையில் மோட்டார் தரையில் உலர்ந்த இடத்தில் இருக்கும்; நீரைத் தள்ளும் சுழலிகள் நீண்ட தண்டின் முனையில் நீருக்குள் மூழ்கியிருக்கும்.

அகலமான குழிகளை மேலிருந்து துளையிட்டு வெடி வைத்து, அடுக்கடுக்காக இறங்கித் தோண்டுவது வழக்கம். ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் பக்கச் சுவரில் தளர்ந்த கற்களைத் தட்டி அகற்றி, எஃகுக் கம்பிகளை ஆணிபோல் பாறைக்குள் செலுத்திப் பிணைத்துவிட்டுத்தான் அடுத்த அடுக்குக்குப் போவார்கள். பம்புகளுக்கான குறுகிய குழிகளை, நம் ஊர் ஆழ்துளைக் கிணறு போடும் முறையின் பெருவடிவத்தில், மேலிருந்தே துளையிட்டு எஃகு உறை இறக்குவதும் உண்டு. அப்படிச் செய்தால் ஆட்கள் உள்ளே இறங்க வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை.

நீரைத் தேக்கிய பிறகு

ஆழமான பள்ளத்தில் நீரை நிரப்பிவிட்டால் வேலை முடிந்துவிடாது. கோடையில் மேல்மட்ட நீர் சூடாகி இலேசாகிறது. அடிமட்ட நீர் குளிர்ந்து கனமாகவே இருக்கிறது. இரண்டும் கலப்பதில்லை. அடியில் உள்ள நீரில் ஆக்சிஜன் மெல்லத் தீர்ந்து, இரும்பும் மாங்கனீசும் கரையத் தொடங்கும். மேலே வெயில் படும் இடத்தில் பாசி வளரும். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கும்போது மொத்த நீரும் புரண்டு கலங்கும். எனவே இத்தகைய தேக்கங்களில் நீரை வெவ்வேறு ஆழங்களில் தொடர்ந்து சோதிப்பதும், தேவைப்பட்டால் காற்றைச் செலுத்திக் கலக்கிவிடுவதும், பழைய நீரை எடுத்துப் புதிய நீரை விடுவதும் அன்றாட வேலையாகிவிடும். ஆற்றில் நீர் கலங்கலாக ஓடும் நாட்களில் எடுப்பதைத் தவிர்த்து, தெளிவாக ஓடும்போது நிரப்பிக்கொள்ளும் வசதியும் இருப்பு பெரிதானால்தான் கிடைக்கிறது.

குவாரியைச் சுற்றிலும் 280 ஏக்கரில் ஒரு பூங்காவை நகரம் 2021-ல் திறந்தது. நீருக்கு அருகில் செல்ல அனுமதி இல்லை. செங்குத்துச் சுவரும் பெரும் ஆழமும் கொண்ட இடத்தில் அந்தக் கண்டிப்பு தேவைதான்.

நம் ஊரிலும் குவாரி நீர் ஒரு காலத்தில் கைகொடுத்திருக்கிறது. 2017 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டுக்கு அருகில் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரை இறைத்து, குழாய் வழியாகச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். 2019-லும் அந்த நீர் பயன்பட்டது. நெருக்கடியில் நல்ல யோசனைதான். ஆனால் மழை தந்ததை எடுக்க மட்டும் வழியுள்ள பள்ளத்துக்கும், ஆறு நிறைந்தோடும்போது நிரப்பிக்கொள்ளவும் வழியுள்ள பள்ளத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது ஒருமுறை செலவழித்தால் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும்.

பெரிய இருப்பு எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 31 அன்று அட்லாண்டாவில் பழைய பெருங்குழாய்கள் உடைந்து, நகரத்தின் பெரும்பகுதி சில நாட்களுக்குத் தண்ணீரின்றித் தவித்தது, மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன, மேயர் அவசரநிலை அறிவித்தார், நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மக்களுக்கு அறிவிப்பு வந்தது. அப்போது குவாரி இருந்தது, சுரங்கமும் இருந்தது. ஆனால் உடைந்தவை சுத்திகரித்த நீரை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள். ஆற்றுக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இடையில் நேரும் கோளாறுக்கு எதிராக அமைந்த இருப்பு, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் நேர்ந்த கோளாறுக்கு உதவ முடியாது. நியூயார்க் 1970-ல் மூன்றாவது குடிநீர்ச் சுரங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமும் இதை ஒட்டியதே: 1917-லும் 1936-லும் பயன்பாட்டுக்கு வந்த முதல் இரண்டு சுரங்கங்களையும் மூடிப் பழுதுபார்க்க வேண்டுமானால், அந்த நேரத்தில் நீர் செல்ல வேறொரு வழி இருக்க வேண்டும். அட்லாண்டா ஆற்றின் பக்கத்தில் தனக்கு ஒரு மாத அவகாசத்தை உண்டாக்கிக்கொண்டுவிட்டது. நகரத்துக்குள் பல பத்தாண்டுகளாக மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்களையும் வால்வுகளையும் மாற்றும் வேலை அதற்கு இன்னும் மிச்சமிருக்கிறது.